கொடிக்கால் வேலியில் ஊமத்தை

நமது புதுக்கவிதைகளில் ஊமத்தை அடிக்கடி பூக்கிறது. சுடுகாடு, நிலவு, ஊமத்தை என்று மூன்றையும் அடுக்கிவிட்டால் ஓர் இருண்ட தரிசனம் சித்தித்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் தலைமுறையில் பலருக்கு இருந்தது. இன்றும் அது முற்றாகப் போய்விடவில்லை. படிமம் என்ற அளவில் எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. செடியை அறிந்தவன் என்ற முறையில்தான் ஒரு சங்கடம். தரிசனம் தருவதாக நாம் நம்பும் இந்தச் செடி, தின்றவனிடம் எதையும் விட்டுவைப்பதில்லை, நினைவைக்கூட.

நான் காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். அப்பாவும் அதைத்தான் செய்தார். அகத்தியை முதலில் விதைத்து, அது ஆள் உயரம் வந்தபின் அதன்மேல் கொடியை ஏற்றி, நிழலும் ஈரமும் குறையாமல் காத்து, கிள்ளி, நூறு இலை ஒரு கவுளி என்று எண்ணிக் கட்டும் பிழைப்பு. இந்தப் பிழைப்பினூடே, மனிதப் பிரக்ஞையைத் தொட்டு மாற்றக்கூடிய செடிகளின்மேல் சிறு வயதிலிருந்தே எனக்கு ஓர் ஈர்ப்பு. தின்றுபார்க்கும் ஈர்ப்பு அல்ல. வேலியோரம் ஊமத்தை முளைத்தால் பிடுங்கமாட்டேன். பூ மாலையில் எந்நேரம் விரிகிறது, காய் எப்போது வெடிக்கிறது, விதை எப்படி மிளகாய் விதைபோல் இருந்து ஏமாற்றுகிறது என்றெல்லாம் நோட்டுகளில் எழுதிவந்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம் என்று பிற்பாடு தாவரவியல் புத்தகத்தில் படித்தபோது ஆச்சரியம் ஏற்படவில்லை. விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவனுக்கு அது ஏற்கனவே பாதி தெரிந்த விஷயம்.

கொடிக்காலுக்கு வரும் இலக்கிய நண்பர்கள் நோட்டுகளைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நீங்க சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" இதற்குப் பின்னால் ஹக்ஸ்லி இருக்கிறார். அவர் 1953-இல் மெஸ்கலின் அருந்தி, 1954-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஒரு பூச்சாடியும் கால்சட்டையின் மடிப்பும் அவருக்குப் பேருண்மையாகத் தெரிந்தன. திரும்பி வந்து அதைச் சொல்லவும் முடிந்தது. மெஸ்கலின், காளான் வகையறா வேறு; ஊமத்தை வேறு. இந்த வேறுபாட்டை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. "போதை" என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

1983-இல் இலை கிள்ள வந்த ஆட்களோடு ஒரு பையன் வந்தான். பதினாலு வயதிருக்கும். யாரோ பந்தயம் கட்டியதில் ஒரு காயின் விதைகளை மென்று விழுங்கிவிட்டான். நடுப்பகலுக்குள் முகம் சிவந்து, உடம்பு கொதித்து, கண்மணி விரிந்து கண் முழுவதும் கறுப்பாகிவிட்டது. தண்ணீர் கேட்டான், நாக்கு வறண்டு அந்தச் சொல்லும் சரியாக வரவில்லை. வண்டியில் ஏற்றிப் போகும்போது இரண்டு கைகளாலும் காற்றில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். கிள்ளியதை அடுக்கினான். எண்ணினான். எதிரில் இல்லாத ஒருவரிடம் கணக்குச் சொன்னான். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவி, கட்டிலோடு சேர்த்துக் கட்டிக் கிடத்தினார்கள். மறுநாள் தெளிந்தது. பிழைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து, என்ன பார்த்தாய் என்று அவனிடம் கேட்டேன். என் கேள்வி அவனுக்கு விளங்கவேயில்லை. எதுவும் நினைவில்லை. இரண்டு மூன்று நாள் பக்கத்து எழுத்தைப் படிக்க முடியவில்லை, வெயில் கண்ணைக் கூசியது, இதைத்தான் சொன்னான். உன்மத்தம் என்பதிலிருந்து பெயர் பெற்ற செடி. தேவாரத்தில் சிவனின் சடையில் மத்தமாக இருப்பதும் இதுதான். அந்தச் சடைக்கு அது பொருந்தலாம். பையனுக்கு அது கொடுத்தது கூலிவேலையின் நிழலை மட்டும்.

அதன்பிறகுதான் மருந்தியல் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் உடம்பில் எந்தப் பூட்டை அடைக்கின்றனவோ, அதே பூட்டைத் திறப்பது பாக்கில் இருக்கும் அரிகோலின். பாக்கு மென்றவனுக்கு வாய் ஊறுகிறது. ஊமத்தை தின்றவனுக்கு வாய் வறள்கிறது. ஒன்று கண்மணியைச் சுருக்கும், மற்றது விரிக்கும். சுண்ணாம்பு சேர்ப்பது நாக்கு சிவக்க மட்டுமல்ல. அதன் காரம் அரிகோலினை விடுவித்து, வாயின் தோல் வழியே உள்ளே போக வைக்கிறது. இதை எந்த ரசாயனமும் தெரியாமல் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. தாம்பாளத்தில் மங்கலமாக வைக்கிற பாக்கும், எவரும் வீட்டுக்குள் கொண்டுவராத ஊமத்தையும் ஒரே வாசலின் இரண்டு பக்கங்களில் நிற்கின்றன.

அந்தப் பூட்டுக்குப் பெயர் கிடைத்தது ஒரு காளானிலிருந்து. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட அமானிட்டா மஸ்காரியாவிலிருந்து 1869-இல் மஸ்கரினைப் பிரித்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காளானில் மஸ்கரின் மிகச் சொற்பம். அதன் மயக்கத்துக்குக் காரணம் வேறு பொருட்கள். 1968-இல் கார்டன் வாசன் ரிக்வேதத்தின் சோமம் இந்தக் காளான்தான் என்று வாதிட்டார். ஏற்காதவர்கள் பலர். வாதத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் பயிர்செய்கிறவனுக்கு அந்தக் காளானில் ஒரு கவர்ச்சி உண்டு: அதை விதைத்து வளர்க்க முடியாது. பிர்ச், பைன் மரங்களின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டுதான் அது பிழைக்கிறது.

இந்த வாசன் தொழிலால் வங்கிக்காரர். 1955-இல் மெக்ஸிகோவின் மலையூரான ஹுவாட்லாவில் மரியா சபினா என்ற மஸடெக் மூதாட்டி நடத்திய இரவுச் சடங்கில் காளான் உண்டார். 1957-இல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். அதன்பின் அந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். போலீஸ் வந்தது. அவள் வீடு எரிக்கப்பட்டது. 1985-இல் வறுமையிலேயே இறந்தாள். அந்நியர்கள் வந்தபிறகு காளான்கள் வலிமை இழந்துவிட்டன என்று அவள் சொல்லியிருக்கிறாள். இதைப் படித்த நம்மவர்கள் அவளிடம் ஒரு கவியைக் கண்டார்கள். எனக்குப் பட்டது வேறு. அவள் ஊரில் காளான்களை ஜோடி ஜோடியாக எண்ணித்தான் கொடுப்பார்கள். கொடுப்பது நோயைக் கண்டறிய. கடவுளைப் பார்க்க வந்தவர்களுக்கு எத்தனை ஜோடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மழைக்காலத்தில் எங்கள் மேய்ச்சல் நிலத்துச் சாணத்திலும் காளான் முளைக்கும். புற்றுக்காளானைச் சமைப்போம்; சாணிக்காளானைத் தொடக்கூடாது என்பது பாட்டி விதித்தது. சிலவற்றின் தண்டைக் கீறினால் நீலம் பாரிக்கிறது. சிலோசைபின் உள்ள காளான்களில் காயம்பட்ட இடம் இப்படித்தான் நீலமாகும். ஆனால் நீலத்தை மட்டும் நம்பி வாயில் போடுகிறவன் முட்டாள். வேறு காளான்களும் நீலமாகும். நான் தின்றதில்லை. இதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. கஞ்சாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1985-இன் சட்டம் பூங்கதிரைக் குற்றமாக்கி, அதோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற இலக்கணத்துக்கு வெளியே விட்டது. செடியை இப்படிக் கூறுபோடச் சட்டத்தால் மட்டுமே முடியும்.

நான் உட்கொண்டது எங்கள் வெற்றிலையையும் பாக்கையும்தான். முதல்முறை போட்டபோது வேர்த்து, காது சூடாகி, தலை கிறுகிறுத்தது. "பாத்துப் போடுடா, பாக்கு நெஞ்ச அடைக்கும்" என்று அப்பா சிரித்தார். அவருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வேண்டும், புகையிலையோடு. பேச்சு, கணக்கு, கோபம் எல்லாமே அந்தத் தாம்பூலத்தைச் சுற்றித்தான். அவருடைய வாய் மெல்ல மெல்லச் சுருங்கியது. கடைசியில் ஒரு விரல் நுழையும் அளவே திறந்தது. உள்கன்னத்தில் புண். 1998-இல் போனார்.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இலேயே சொல்லிவிட்டது. பாக்கு தனியாகவே தரும் என்ற முடிவு 2003-இல் வந்தது. வாய் சுருங்கியது பாக்கின் வேலை என்று இப்போது ஐயமில்லை. இலையைப் பற்றி வேறு ஆய்வுகள் உண்டு. அதன் சில கூறுகள் சோதனைச்சாலையில் புற்றைத் தடுப்பதாகச் சொல்கின்றன. அந்தக் கட்டுரைகளை நான் எத்தனை ஆவலோடு தேடிப் படிக்கிறேன் என்பதைப் பார்த்தால், அது வக்கீலின் வாசிப்பு என்று எனக்கே தெரிகிறது. இலை குற்றவாளியல்ல, ஆனால் பாக்கைச் சுமந்துபோகிற வண்டி அதுதான்.

ஊமத்தை விதை தின்ற பையன் இன்று பேரன் எடுத்துவிட்டான். எப்போதாவது வருவான். வேலியில் பூத்திருப்பதைப் பார்ப்பான், ஒன்றும் சொல்லமாட்டான்.

நான் பாக்கை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வெற்றிலையைத் தனியாக மென்றுபார்ப்பேன். காரம் வருகிறது, மணம் வருகிறது, வேறொன்றும் வருவதில்லை. இந்த வருஷத்துக்கு அகத்தி விதைத்தாகிவிட்டது.