தலைகீழா ஒரு யானை!

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பக்கம் போற டவுன் பஸ்ஸைப் பிடிங்க. ஒத்தக்கடையில் இறங்கினா, எதிர்லயே படுத்திருக்கும் ஒரு யானை. துதிக்கையை நீட்டி, மண்ணில் தலை சாய்ச்சு, ஊரைக் கண்டுக்காம தூங்குற மூணு கிலோமீட்டர் நீள யானை. யானைமலை!

உடனே செல்போனை எடுக்காதீங்க பாஸ். கையில் இருக்கிற மரப்பெட்டியை ஸ்டூல் மேல வைங்க. கறுப்புத் துணியைத் தலையோட போர்த்திக்கோங்க. பத்து செகண்ட் கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். அதோ... பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் யானை தலைகீழா தொங்குது! வானம் கீழ, மலை மேல. இடது வலது மாறி, ரோட்டில் போற மினி பஸ் கூரையில் ஒட்டின பல்லி மாதிரி ஊர்ந்து போகும். பேட்டரி இல்லை, சிப் இல்லை, ஒரு ஸ்விட்ச்கூட இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கின ஒரே ஒரு லென்ஸ், அவ்வளவுதான்.

துணிக்குள்ள இருந்து வெளியே வந்தா சுத்தி ஒரு கூட்டம் நிக்கும், அதுக்கும் தயாரா இருங்க. "என்ன தம்பி, சர்வே எடுக்குறீங்களா? ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"ன்னு ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். சிரிச்சிட்டுப் போகாதீங்க. அந்தக் கேள்விக்குப் பின்னால கதை இருக்கு. 2010-ல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கிறதா அரசுத் தரப்பில் ஒரு பேச்சு வந்தது. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கொதிச்சு எழுந்தாங்க, திட்டம் நின்னுச்சு. சமணர் சிற்பங்கள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, எட்டாம் நூற்றாண்டு நரசிங்கப் பெருமாள் குடைவரை எல்லாம் இருக்கிற மலையாச்சே! மேலூர் பக்கம் எத்தனை குன்றுகள் கிரானைட் பாளமா லாரி ஏறிப் போச்சுன்னு 2012-ல் நாடே பேசுச்சு. அதனால மலையை யாராவது கருவி வெச்சுப் பார்த்தா இவங்க பதறத்தான் செய்வாங்க. முதல்ல அந்தப் பெரியவரைத் துணிக்குள்ள கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டுங்க. அதுக்கு அப்புறம் ஸ்டூலைப் பிடிச்சுக்கிறதே அவராத்தான் இருப்பார்.

இதே யானையை இதே மாதிரி ஒரு பெட்டியோட 1858-லயே ஒருத்தர் படம் பிடிச்சிருக்கார் தெரியுமா? லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் அரசு போட்டோகிராபரா நியமிச்சாங்க. 1858 ஜனவரி, பிப்ரவரியில் மதுரையில் டேரா. யானைமலையை ஒரு முனையில் இருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணுன்னு எடுத்தார். வைகை, தெப்பக்குளம், புது மண்டபம், விளக்குத்தூண், நாயக்கர் மகால்னு மனுஷன் ஒரு இடம் விடலை. அடுத்து தஞ்சாவூர். பெரிய கோயில் அடிப்பாகத்தில் ஓடுற கல்வெட்டுகளை 21 படமா எடுத்து ஒட்டினார் பாருங்க, நீளம் 19 அடிக்கு மேல! உங்க போனில் பனோரமான்னு ஒரு பட்டன் இருக்கே, அதுக்குக் கொள்ளுத்தாத்தா இதுதான்.

அவர் பயன்படுத்தினது பெரும்பாலும் பேப்பர் நெகட்டிவ். பேப்பரில் மெழுகு ஏத்தி, வெள்ளி உப்பு பூசி, கேமராவுக்குள்ள வெச்சு, நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கிறது. ஒவ்வொண்ணும் 12-க்கு 15 இஞ்ச் சைஸ். என்லார்ஜ் பண்ற வேலையெல்லாம் கிடையாது. நெகட்டிவ் என்ன சைஸோ, படமும் அதே சைஸ். இந்த வகையறாவுக்குத்தான் லார்ஜ் ஃபார்மட்னு பேரு.

1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னரா வந்தார். போட்டோ எல்லாம் ஆடம்பரச் செலவுன்னு முடிவு பண்ணி, அந்தத் துறையையே இழுத்து மூடிட்டார். கேமரா கேட்டா வீட்டில் கிடைக்கிற அதே பதில்! டிரைப் அதுக்கு அப்புறம் பெரிசா எதுவும் எடுக்கலை.

சரி, பெட்டிக்கு வருவோம். வெளிநாட்டு லார்ஜ் ஃபார்மட் கேமரா விலையைப் பார்த்தா தலை சுத்தும். சீட் ஃபிலிம் விலை அதை விட மோசம். ஆனா நம்ம ஊரில் ஒரு குறுக்கு வழி இருக்கு. எக்ஸ்ரே ஃபிலிம்! லேப்களுக்கு சப்ளை பண்ற மெடிக்கல் ஏஜென்சிகளில் 8-க்கு 10, 10-க்கு 12, 12-க்கு 15 இஞ்ச் சைஸ்களில் பெட்டி பெட்டியா விக்கிறது. கடைசி சைஸைக் கவனிச்சீங்களா? டிரைப் சைஸ்! ஒரு எச்சரிக்கை, ரெண்டு விதமான ஃபிலிம் இருக்கு. டிஜிட்டல் எக்ஸ்ரே பிரின்ட் போடுற டிரை ஃபிலிம் நமக்கு வேலைக்கு ஆகாது. டெவலப்பரில் முக்கிக் கழுவுற பழைய வகை, அதிலும் கிரீன் சென்சிடிவ்னு கேட்டு வாங்கணும். லேப்கள் வரிசையா டிஜிட்டலுக்கு மாறிட்டு வருது. ஆசைப்படுறவங்க சீக்கிரம் விசாரிச்சு வெச்சுக்கிறது நல்லது.

முதல் கேமரா 8-க்கு 10-ல் ஆரம்பிங்க. கண்ணாடிக் கடையில் 'ப்ளஸ் 3 பவர், வெட்டாத முழு லென்ஸ்'னு கேளுங்க. கணக்கு சிம்பிள். ஆயிரத்தை பவரால் வகுத்தா ஃபோக்கல் லென்த், அதாவது 333 மில்லிமீட்டர். 8-க்கு 10 சைஸுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும். (12-க்கு 15 தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்க ப்ளஸ் 2 வாங்குங்க. ஆனா பெட்டியைத் தூக்க ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் வேணும்.) லென்ஸில் குழிவான பக்கம் வெளியே மலையைப் பார்க்கணும். அதுக்கு முன்னால, நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டை. 1812-ல் வொல்லாஸ்டன்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்ச ஏற்பாடு இது. மாத்தி வெச்சா ஓரமெல்லாம் கரைஞ்சு போயிடும்.

ஓட்டை எவ்வளவு பெரிசு? 10 மில்லிமீட்டர்னா எஃப் 32. 5 மில்லிமீட்டர்னா ஏறக்குறைய எஃப் 64. 1932-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் கோஷ்டி தங்கள் குழுவுக்கே 'எஃப் 64'னு பேர் வெச்சாங்க. ஓட்டை சின்னதானா பக்கத்துப் புல்லும் தூரத்து மலையும் சேர்ந்தே பளிச்சுன்னு விழும், அதான் காரணம். நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒத்தை லென்ஸில் நீல ஒளி ஒரு இடத்தில் குவியும், மஞ்சள் ஒளி கொஞ்சம் தள்ளிக் குவியும். கண் பார்க்கிற ஃபோக்கஸும் பேப்பர் பார்க்கிற ஃபோக்கஸும் ஒண்ணா இருக்காது. சின்ன ஓட்டை இந்தக் குறையை மூடி மறைச்சிடும்.

பெல்லோஸ் மடிக்கிற தலைவலி வேண்டாம். தீப்பெட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற ரெண்டு பிளைவுட் பெட்டி போதும். ஒவ்வொண்ணும் 28 சென்டிமீட்டர் நீளம். மலைக்கு லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 33 சென்டிமீட்டர் இருந்தா சரி. மூணு மீட்டர் தூரத்தில் நிக்கிற ஆளுக்கு 37 சொச்சம். ஒரு மீட்டரில் முகம் எடுக்கணும்னா 50 வரை இழுக்கணும். உள்ளே முழுக்க பிளாக்போர்டு பெயின்ட். ரெண்டு பெட்டியும் உரசுற இடத்தில் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டுங்க. இல்லைன்னா வெளிச்சம் உள்ளே புகுந்து எல்லாத்தையும் கெடுத்துடும். தெரு முனை ஆசாரிகிட்ட ஒரு படம் வரைஞ்சு காட்டினா, உங்களை விட அவர் ஆர்வமாகிடுவார். பின்பக்கம் வழுவழுப்பு எடுத்த கண்ணாடி. கிடைக்கலைன்னா சாதா கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டிக்கலாம்.

ஃபிலிம் வைக்கிற உறைதான் சூட்சுமமான இடம். அட்டைகளை அடுக்கி நடுவில் ஒரு குழி, மேல இழுத்துத் திறக்கிற மூடிக்கு கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல். கண்ணாடியில் எந்தத் தளத்தில் உருவம் தெரிஞ்சதோ, கண்ணாடியை எடுத்துட்டு உறையைச் செருகும்போது ஃபிலிமும் மிகச் சரியா அதே தளத்தில் உட்காரணும். ஸ்கேலை வெச்சு மூணு தடவை அளந்துடுங்க. வீட்டில் செய்யற கேமராக்கள் சொதப்புறதில் பாதி இங்கதான்.

முதல் ரவுண்டுக்கு ஃபிலிம்கூட வேண்டாம். பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ பிரின்ட் பேப்பரையே நெகட்டிவா வைங்க. அதுவும் டிரைப் வழிதான்! பேப்பரின் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 6. ஆமா, ஆறே ஆறு. நல்ல வெயிலில் எஃப் 64-க்கு மூணு செகண்ட் ஆகும். ஷட்டரே தேவையில்லை. லென்ஸ் மேல மூடி, திற, 'ஒண்ணு... ரெண்டு... மூணு', மூடு. எக்ஸ்ரே ஃபிலிமை ஐஎஸ்ஓ 80, 100-ன்னு வெச்சுக்கலாம். வெயிலில் கையால் மூடித் திறக்கிறதுக்குள்ள வெந்துடும். அதை நிழலுக்கும் அதிகாலைக்கும் வெச்சுக்கோங்க.

டார்க் ரூம்? ஹாஸ்டல் பாத்ரூம்தான்! ராத்திரி ஒரு மணிக்கு மேல யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. அடர் சிவப்பு லைட் போதும், பேப்பருக்கும் கிரீன் சென்சிடிவ் ஃபிலிமுக்கும் சிவப்பு தெரியாது. உங்க லைட் நிஜமாவே சிவப்பானு சோதிக்க, ஒரு துண்டு ஃபிலிம் மேல ஒத்தை ரூபா காசை வெச்சு அஞ்சு நிமிஷம் விட்டு டெவலப் பண்ணுங்க. காசு வட்டம் தெரிஞ்சா லைட்டை மாத்துங்க. எக்ஸ்ரே டெவலப்பரில் தண்ணியைக் கூடுதலா கலந்தா, வெள்ளையும் கறுப்பும் மட்டுமா முறைச்சுக்கிட்டு நிக்காம நடுவில் சாம்பலும் வரும். எக்ஸ்ரே ஃபிலிமில் ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும், நகம் பட்டாலே கீறல்தான். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு, அது மேல மிதக்க விடுங்க. கையில் கிளவுஸ் கட்டாயம். அப்புறம் ஃபிக்ஸர், அப்புறம் தண்ணி. பழைய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கு, அதைச் செடிக்கோ கிணத்துப் பக்கமோ ஊத்தாதீங்க. எக்ஸ்ரே லேப்களில் கேட்டுப் பாருங்க, வெள்ளிக்காக அதை வாங்கிக்கிற ஆட்களை அவங்களுக்குத் தெரியும்.

காய்ஞ்ச நெகட்டிவை இன்னொரு பேப்பர் மேல கவுத்து, கண்ணாடி வெச்சு அழுத்தி, ஒரு செகண்ட் லைட் போட்டா பாசிட்டிவ் ரெடி. போனில் படம் எடுத்து நிறத்தைத் திருப்பியும் பார்க்கலாம். என்னைக் கேட்டா அது பாதி சந்தோஷம்தான். டிரேயில் யானையின் முதுகு மெதுவா எழும்பி வர்றதைப் பார்க்கணும், அதுக்கு ஈடு கிடையாது.

பேப்பரும் இந்த ஃபிலிமும் சிவப்பைப் பார்க்காதுங்கிறதில் ஒரு விஷயம் இருக்கு. செம்மண் கறுப்பாகும், நீல வானம் வெள்ளைச் சுவரா வெளுத்துடும். டிரைப்புக்கும் இதே தொல்லை. அதனால நெகட்டிவில் பிரஷ்ஷால் மேகம் வரைஞ்சு சேர்த்தார்! நம்ம பழுப்புத் தோலும் இருக்கிறதை விட ரெண்டு மடங்கு இருட்டா விழும். பழைய படங்களில் நம்ம பூட்டன் பூட்டிகள் அத்தனை கறுப்பா தெரியறதில் அந்தக் கால மருந்துக்கும் பங்கு உண்டு. முகம் எடுக்கும்போது நிழலில் உட்கார வெச்சு, கூடுதலா ஒரு மடங்கு நேரம் குடுங்க.

முகம்னதும் ஞாபகம் வருது. டிரைப்பின் மதுரையில் ஆட்களை அவ்வளவா பார்க்க முடியாது. நிமிஷக்கணக்கில் திறந்திருக்கிற கேமராவில் நடக்கிறவங்க பதிய மாட்டாங்க, அது ஒரு காரணம். கம்பெனிக்கு வேண்டியது கட்டடங்களின் பதிவேடு, ஊர்க்காரங்க இல்லை. இது என் சந்தேகம். அவர் விட்ட இடம் உங்களுக்கு மிச்சம் இருக்கு. நரசிங்கம் கிராமத்தில் ஒருத்தரை மூணு செகண்ட் அசையாம உட்காரச் சொல்லிப் பாருங்க. செல்ஃபி சிரிப்பு ரெண்டாவது செகண்டிலேயே உதிர்ந்துடும்.

டவுனுக்குத் திரும்பினா வைகை. டிரைப் எடுத்தது ஆத்தைக் கடக்கிற தரைப்பாலத்தோட ஊரின் தோற்றம். ஏ.வி. பாலம் 1889-ல்தான் வந்தது, அதனால அவர் படத்தில் அது கிடையாது. இணையத்தில் அவர் பேரைத் தட்டினா லண்டன், நியூயார்க் மியூசியங்களில் இருக்கிற படங்கள் வரும். பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போய் அவர் எங்கே நின்னிருப்பார்னு கரையில் தேடுங்க. மகாலிலும் இதே ஆட்டம் ஆடலாம். இன்னிக்கு நாம பார்க்கிறது பின்னாடி நேப்பியர் கவர்னரா இருந்தப்போ செப்பனிட்டது. டிரைப் பார்த்தது கூரை போன, செடி முளைச்ச இடிபாடு. உள்ளே ஸ்டாண்ட் வைக்கணும்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிடுங்க. மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள கேமராவுக்கும் போனுக்கும் தடை. 2018 பிப்ரவரி 2 ராத்திரி வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சிதைஞ்சப்போ, பழசு எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் படங்களைத் தேடினது ஞாபகம் இருக்கா?

கடைசியா விளக்குத்தூணுக்குப் போங்க. 1840-களில் கோட்டைச் சுவரை இடிச்சு வெளி வீதிகளுக்கு வழி பண்ணின கலெக்டர் பிளாக்பர்ன் நினைவா நட்ட தூண் அது. பகலில் போனா ஜவுளிக்கடைக் கூட்டத்தில் ஸ்டூல் வைக்கவே இடம் கிடைக்காது. காலையில ஆறரை மணிக்குப் போங்க, எக்ஸ்ரே ஃபிலிம், எஃப் 64, அஞ்சு செகண்ட். பால்காரர் சைக்கிள், துப்புரவு வண்டி, டியூஷனுக்கு ஓடுற பசங்க எல்லாரும் மெல்லிசா புகை மாதிரிதான் விழுவாங்க. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர் மட்டும் மூக்குக்கண்ணாடியோட முழுசா இருப்பார். அவருக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்துடுங்க.