ஓராண்டு இழப்பன்று

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து இஞ்சிவிளையை அடைகிறது. அதற்கு அப்பால் களியக்காவிளை. ஒரு கடைவீதியின் நீளத்திற்குள் மாநிலம் மாறிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் வாழ்வோரும், பாலராமபுரத்தில் தறியமைத்த நெசவாளர் வழிவந்தோரும், வணிகத்திற்கும் கூலிக்கும் பின்னர் வந்து குடியேறியோரும் சேர்ந்தே இங்குத் தமிழராகிய நாம் ஆனோம். நம்மில் பலர் இன்று திருவனந்தபுரத்திலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பரந்து வாழ்கிறோம். எங்கிருப்பினும் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் கவலை ஒன்றுண்டு. அது குறித்தே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பல் மருத்துவராக வேண்டும் என்று விரும்பிய பிள்ளை, பிளஸ் டூ தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்று வருகிறது. அல்லது நீட் தேர்வில் தகுதிக்கோட்டைத் தொடாமல் நின்றுவிடுகிறது. அந்த நாளில் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "நமக்கு இது எட்டாது, விட்டுவிடு" என்பது ஒன்று. "நிலத்தை விற்றாவது எங்கேனும் ஓர் இடம் வாங்கிவிடுவோம்" என்பது மற்றொன்று. மூன்றாவது குரல் மிக மெல்லியது. "ஓராண்டு கொடுங்கள், குறையைச் சரிசெய்து கொள்கிறேன்" என்று கேட்கும் பிள்ளையின் குரல் அது. அக்குரலுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் மதிப்பெண் பட்டியலைப் படிக்கக் கற்க வேண்டும். கேரளத்தில் பிளஸ் டூ பாடமொன்றில் 30 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. ஆனால் பல் மருத்துவப் படிப்பிற்கு விண்ணப்பிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். தேர்ச்சி வேறு, தகுதி வேறு. இவ்வேறுபாட்டை அறியாத பெற்றோர், பிள்ளை தேறிவிட்டான் என்று மகிழ்ந்திருந்து, விண்ணப்பிக்கும் நாளில் திகைக்கின்றனர். அவ்வாறு குறைந்தோர்க்கு இம்ப்ரூவ்மென்ட் தேர்வு என்னும் வழி உண்டு. பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் இறுதிக் கணக்கில் சேர்வதால், அந்த ஆண்டிலேயே விழித்துக் கொள்வது நலம்.

அடுத்து, குறை எங்கே தொடங்கியது என்று காண வேண்டும். நம் எல்லையூர்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பல வேளைகளில் அது அறிவுக் குறையன்று; மொழி மாறிய அதிர்ச்சி. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்ற பிள்ளை 'முடுக்கம்' என்று கற்றிருக்கும். பிளஸ் ஒன் பாடநூல் அதனை 'அக்சலரேஷன்' என்று சொல்லும். வகுப்பில் விளக்கும் ஆசிரியர் மலையாளத்தில் 'த்வரணம்' என்பார். பொருள் ஒன்று, பெயர் மூன்று. 'ஒளிச்சேர்க்கை'யும் அவ்வாறே 'போட்டோசிந்தசிஸ்' ஆகி, 'பிரகாச சம்ஸ்லேஷணம்' ஆகி வந்து நிற்கும். முதல் ஆறு மாதங்கள் பெயர்களோடு போராடுவதிலேயே கழிந்துவிட, பாடம் கைநழுவிப் போகிறது. இப்பிள்ளையை மந்தம் என்று சொல்வது அநீதி. பெயர்கள் மூன்றையும் எதிரெதிரே எழுதிய குறிப்பேடு ஒன்றை அதன் கையில் கொடுத்துப் பிளஸ் ஒன் பாடங்களை மீண்டும் தொடங்கச் செய்தால், அடைபட்டிருந்த மடை திறந்துகொள்ளும்.

மனம் தளர்ந்தோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குரிய பொது விண்ணப்ப முறை பழைய மதிப்பெண்ணை அழிப்பதில்லை. கல்லூரியில் ஒரு பாடத்தை மீண்டும் பயின்று உயர்ந்தாலும், முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்தே சராசரி காண்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறைதான் தோற்றலாம். நம் நாட்டு நீட் தேர்விலோ சென்ற ஆண்டின் மதிப்பெண் சென்ற ஆண்டோடு முடிந்தது. இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் வரம்பு இல்லை. மேல் வயது வரம்பும் 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. கடுமையான வாயில்தான், ஆயினும் பழைய தோல்வியை நினைவில் வைத்திருந்து பழிக்காத வாயில். பழிப்பவர் அண்டை அயலாரேயன்றி அத்தேர்வு அன்று.

எனினும் ஓராண்டு என்பது வெறுமனே காத்திருப்பதாயின் அது வீணே. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் 180, மதிப்பெண் 720. அவற்றுள் உயிரியலுக்கு மட்டும் 360. இருவர் சமமாக நின்றால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணே ஒப்பிடப்படுகிறது. ஆகவே வலுக்குறைந்த பிள்ளை முதலில் உயிரியலை உறுதி செய்து கொள்ளல் வேண்டும். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். அறுபது வினாக்களைச் சரியாகவும் அறுபதைத் தவறாகவும் எழுதியவர் பெறுவது 180. அதே மாணவர் தெரியாத அறுபதையும் தொடாது விட்டிருந்தால் 240. படிப்பில் ஒரு பக்கமும் கூடாமலே, தன்னடக்கத்தால் மட்டும் அறுபது மதிப்பெண் உயர்கிறது! ஒவ்வொரு மாதிரித் தேர்விற்குப் பின்னும் தவறுகளை அறியாமை, மறதி, அவசரம் என மூன்றாகப் பிரித்து எழுதிவைக்கும் பழக்கம் விலையுயர்ந்த பயிற்சி நிலையத்திற்கு ஈடானது. இயற்பியலில் தவறுவோர் பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்கில் தளர்ந்தவர்கள். அங்கே திரும்பிச் செல்ல நாணுதல் கூடாது. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்த பின்பே தறியை ஓட்ட வேண்டும் என்பதைப் பாலராமபுரத்தார்க்கு நாம் சொல்லித் தர வேண்டுவதில்லை.

தேர்வு மொழியையும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். 2017 முதல் நீட் வினாத்தாள் தமிழிலும் வழங்கப்படுகிறது; மலையாளம் சேர்ந்தது 2021இல்தான். ஆனால் மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்து மையங்களுக்கே உரியது. பாறசாலைப் பிள்ளை தமிழில் எழுத விரும்பினால் நாகர்கோவில் போன்ற தமிழ்நாட்டு மையத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தமையால் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. தமிழில் எழுதுவோரும் அருகே அச்சிடப்பட்ட ஆங்கில வினாவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆற்றலைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

எல்லையோரத்தார்க்குச் சான்றிதழ்களும் ஒரு பாடமே. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அம்மாநில அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. கேரளத்துப் பள்ளியில் பயின்ற தமிழ்ப் பிள்ளைக்கு அது கிட்டாது. இரு மாநில இடங்களுக்கும் பிறப்பிடமும் பயின்ற பள்ளியும் பார்க்கப்படுகின்றன. அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடாகிய 15 விழுக்காடு இடங்களுக்கு மட்டுமே அக்கேள்வி எழுவதில்லை. காத்திருக்கும் ஆண்டில் தந்தையார் செய்யத்தக்க பணி, இச்சான்றுகளை ஒழுங்குபடுத்துவதே.

இனிப் பணம் பற்றி ஒரு சொல். 2020-21ஆம் கல்வியாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ ஏழாயிரம் பல் மருத்துவ இடங்கள் காலியாக இருந்தன. உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வாண்டு தகுதிக்கோடு பத்துப் புள்ளிகள் தாழ்த்தப்பட்டது. இடம் அரிதன்று, குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இடமே அரிது என்பது இதனால் விளங்கும். பட்டப்படிப்பு நான்காண்டு, பயிற்சி ஓராண்டு, ஆக ஐந்தாண்டுகள். அதன் பின்னரும் நாற்காலியும் கருவிகளும் வாங்கினால்தான் தொழில். கடனோடு நுழைந்தவர் கடனோடே வெளிவருவார். ஓராண்டு உழைத்து மதிப்பெண்ணை உயர்த்துவது, ரப்பர்த் தோட்டத்தை விற்காமல் காப்பதற்கும் ஒப்பாகும்.

பெண்மக்கள் குறித்து நாம் தனியே சொல்லியாக வேண்டும். மகன் ஓராண்டு வீட்டிலிருந்து படித்தால் 'முயல்கிறான்' என்கிறோம். மகள் இருந்தால் 'வரன் பார்க்கலாமா' என்று உறவினர் கேட்கின்றனர். அவ்வினா எழுந்த வீட்டில் புத்தகம் திறந்திருந்தும் படிப்பு நடவாது. அந்த ஓராண்டில் அப்பேச்சை வாயிற்படிக்கு வெளியே நிறுத்துவது தாய் தந்தையரின் கடமை. அவள் பெறப்போகும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவர்களுடைய அந்த உறுதியிலிருந்தே வரும்.

முயற்சிக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை. அதற்குள் மாதிரித் தேர்வுகளில் ஏற்றம் காணாவிடின் வழியை மாற்றிக் கொள்வதில் இழுக்கில்லை. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமே டென்டல் ஹைஜீனிஸ்ட், டென்டல் மெக்கானிக் ஆகியோரையும் பதிவுபெற்ற தொழிலராக ஏற்றுள்ளது. பிறர் துன்பம் நீக்கும் பணியில் அவர்களுக்கும் இடமுண்டு.

1920ஆம் ஆண்டில் மருத்துவர் ரபியுத்தீன் அகமது கல்கத்தாவில் இந்நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959ஆம் ஆண்டில் தோன்றியது. பாறசாலையிலிருந்து அது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்க நம் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பவை மூன்று: மும்மொழிக் கலைச்சொல் ஏடு, முன்பே தேறிய அண்ணன் அக்காமாரின் வழிகாட்டல், இரவில் அமைதியாக அமர்ந்து படிக்க ஓர் அறை. மூன்றும் பெரும்பொருள் வேண்டுபவை அல்ல. சங்கங்கள் விடுமுறை நாள்களில் தம் கூடத்தைத் திறந்து வைக்கலாம். வெளியூர் சென்று தேர்ந்தோர் திங்களுக்கு ஒரு நாள் வந்து பாடம் சொல்லலாம். பொங்கல் விழாவிற்குப் பந்தலிடும் நமக்கு இது இயலாததன்று. வரும் தேர்வு முடிவு நாளில் குறைந்த மதிப்பெண்ணோடு வீடு திரும்பும் பிள்ளையிடம், "எங்கே தவறியது என்று சேர்ந்து பார்ப்போம், உட்கார்" என்று சொல்ல நம் இல்லங்கள் கற்றுக் கொள்ளட்டும்.