எழுத உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்குது டாக்டர்?



என் இன்பாக்ஸுக்கு அதிகமா வர்ற கேள்வி சுகர் பத்தியோ பிரஷர் பத்தியோ இல்லை. "காலையில ஓ.பி., சாயங்காலம் கிளினிக், நடுவுல வீடு, பிள்ளைங்க. இதுக்கு நடுவுல இவ்வளவு நீளமா எப்போ டாக்டர் எழுதுறீங்க?" இதுதான். கூடவே, "எனக்கும் எழுத ஆசை, உட்கார்ந்தா வரமாட்டேங்குது"ன்னு ஒரு வரியும் இருக்கும்.

இன்னைக்கு நோய், மருந்து எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு அதுக்குப் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கணும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நாய்க்கடி பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ஆரம்பித்தேன். மொபைல் நோட்ஸில் ரெண்டு வரி எழுதினேன். அப்புறம் மூடு வரலை. "ஞாயிற்றுக்கிழமை நிதானமா உட்கார்ந்து நல்லா எழுதணும்" என்று தள்ளி வைத்தேன். ஞாயிறு வந்தது, போனது. அடுத்த ஞாயிறும் போனது. இப்படியே 23 நாள்.

24-ஆம் நாள் ஓ.பி.யில் ஒரு அம்மா தன் பையனோடு வந்தார். மூணாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கெண்டைக்காலில் நாய் கடித்து மூணு நாள் ஆகியிருந்தது. ஆழமான காயம். அதன் மேல் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சைச் சாறும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன வைத்தியமாம். பிள்ளை எரிச்சலில் அழுது அழுது குரலே போயிருந்தது.

காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா சொன்னார்:

"டாக்டரம்மா, நீங்க ஃபோன்ல எழுதுறது எல்லாத்தையும் படிச்சிருவேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா நீங்க போட்டதைப் பார்த்துத்தான் செய்வேன். நாய் கடிச்சதும் உங்க பக்கத்தைத்தான் தேடுனேன். நீங்க அதைப் பத்தி ஒண்ணும் போடலையேம்மா?"

குறையா சொல்லலை. சாதாரணமா கேட்டாங்க. எனக்குத்தான் கை நின்னுபோச்சு.

என் ரெண்டு வரி அப்போ என் பாக்கெட்டில், மொபைலுக்குள்ளே இருந்தது.

பையனுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டோம். தடுப்பூசி 0, 3, 7, 28 என்று நாலு தவணையும் தவறாமல் வந்து போட்டுக்கொண்டான். இன்னைக்கு ஆறாம் வகுப்பு, நல்லா இருக்கான். ஆனால் ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. அந்த மூணு நாள் தாமதம் எங்கே போய் முடிந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

அன்று இரவு உட்கார்ந்து அந்தப் பதிவை எழுதி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?

40 நிமிஷம்.

அப்போ 23 நாளா எதுக்குக் காத்திருந்தேன்? அறிவு இல்லாமல் இல்லை. நேரம் இல்லாமலும் இல்லை. மூடுக்காகக் காத்திருந்தேன். மூடு என்பது சொல்லாமல் வர்ற விருந்தாளி. அதை நம்பி உலை வைக்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1) ஒரே நேரம்

காலை 4:50 முதல் 5:30 வரை. குக்கர் வைக்கும் முன்னால், பால்காரர் மணி அடிக்கும் முன்னால். மூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாற்காலியில் இருப்பேன்.

இதில் என் குரு, பழைய தபால் அதிகாரி ஒருத்தர். ஆந்தனி டிரோலோப். இங்கிலாந்தில் தெருவோரத் தபால் பெட்டி வருவதற்குக் காரணமானவர்களில் ஒருவர். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர், மொத்தம் 47. விடியற்காலை 5:30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். எதிரே கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று தனக்குத்தானே கணக்கு. காப்பியோடு தன்னை எழுப்பிவிடுவதற்காகவே வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். அவர் இறந்த பிறகு 1883-இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

எனக்கு 5 பவுண்டு செலவில்லை. எங்க மாமனார் 4:45-க்கு எழுந்து இருமுவார். அதுதான் என் அலாரம்.

ஒரு டாக்டராக இங்கே ஒரு எச்சரிக்கை. தூக்கத்தை வெட்டி எழுதாதீங்க. 4:45-க்கு எழுந்திருக்கணும்னா 9:45-க்குள்ள தூங்கியாகணும். ராத்திரி 8 மணிக்குக் குடிக்கிற காப்பியில் பாதி காஃபீன் நடு ராத்திரி தாண்டியும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். விடியற்காலை உங்களுக்கு ஒத்துவரலைன்னா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் 20 நிமிஷம் எடுத்துக்கோங்க. எந்த நேரம்ங்கிறது முக்கியமில்லை. தினமும் அதே நேரம்ங்கிறதுதான் முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவருக்கு அந்த நேரத்தில் தானாகவே பசிக்கும் இல்லையா? எழுத்துக்கும் அப்படி ஒரு பசி பழகிவிடும். எனக்கு அது பழக ரெண்டு மாசம் ஆனது.

2) மொபைல் வேறு அறையில்

முதல் வரைவு கோடு போட்ட நோட்டில், பேனாவால். மொபைலில் எழுத உட்கார்ந்தால் நாலாவது நிமிஷம் யாரோ ஒருத்தருடைய சண்டைக்குள் போய் நிற்பேன். என்னை நானே நம்புவதில்லை. அதனால் அதைப் படுக்கையறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வருவேன்.

3) கேள்விச் சீட்டு

"என்ன எழுதுறது?" என்று காலை 4:50-க்கு யோசித்தால் தூக்கம்தான் வரும். என்ன எழுதணும் என்பதை முந்தின நாள் பகலே முடிவு பண்ணிடணும்.

என் வெள்ளைக் கோட்டு பாக்கெட்டில் எப்பவும் நாலைந்து துண்டுச் சீட்டு இருக்கும். நோயாளி ஒரு கேள்வி கேட்டால், அவர் கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொள்வேன். "இன்சுலின் ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே?" இப்படி. பேர், ஊர், நோய் விவரம் எதுவும் எழுத மாட்டேன். கேள்வி மட்டும்தான் எனக்கு, மற்றதெல்லாம் அவங்களுக்குச் சொந்தம்.

அமெரிக்காவில் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். நியூஜெர்சியில் ரூதர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் 40 வருஷத்துக்கு மேல் பிரசவம், குழந்தை வைத்தியம் என்று பார்த்தவர். பெரிய கவிஞரும்கூட. கிளினிக் மேசையிலேயே டைப்ரைட்டரைப் பொருத்தி வைத்திருந்தார். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் நாலு வரி தட்டிவிடுவார். நம்ம ஊரிலும் உதாரணம் இருக்கு. டாக்டர் திரிபுரசுந்தரி. 'லட்சுமி' என்றால் உங்க அம்மா, பாட்டிக்கு உடனே தெரியும். மருத்துவம் படிக்கும்போதே கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். எனக்கு நேரமில்லைன்னு சொல்ல வரும்போதெல்லாம் இவங்க ரெண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்து வாயை அடைச்சிடுவாங்க.

4) பாதியில் நிறுத்துவது

5:30 ஆனால் பேனாவை மூடிவிடுவேன். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடணும் என்பது ஹெமிங்வே சொல்லிப் போன வழி. மறுநாள் வெள்ளைக் காகிதத்தை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பாதி வாக்கியத்தை முடித்தால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

5) ஒரே ஒருத்தருக்கு எழுதுவது

ஆயிரம் பேர் படிப்பாங்கன்னு நினைச்சா கை நடுங்கும். வார்த்தை விறைச்சுப் போகும். என் முன்னால் என் சித்தி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. புரியலைன்னா, "என்னடி சொல்ற?"ன்னு கேட்டுடுவாங்க. அந்தக் கேள்வி வராத வரைக்கும் சரியாக எழுதுகிறேன் என்று அர்த்தம்.

6) வாய்விட்டுப் படிப்பது

நோட்டில் எழுதியதை சாயங்காலம் மொட்டைமாடியில் நடந்துகொண்டே வாய்ஸ் டைப்பிங்கில் ஏற்றுவேன். நடையும் ஆச்சு, டைப்பிங்கும் ஆச்சு. ஆனால் அது காலை வாரிவிடும். "மாத்திரை" என்றால் "யாத்திரை" என்று போடும். சிரிச்சுட்டுப் போயிடலாம்.

ஒரு நாள் சிரிக்க முடியலை. குழந்தைகள் காய்ச்சல் பற்றிய பதிவு. நான் சொன்னது "அரை மாத்திரை". அது போட்டது "ஆறு மாத்திரை". வெளியிடும் முன்னால் என் மகளிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா... ஆறு மாத்திரையா?" என்றாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். அந்தப் பதிவு அப்படியே போயிருந்தால்?

அன்றிலிருந்து ரெண்டு சட்டம். ஒருத்தருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் எதையும் போடுவதில்லை. மாத்திரை எண்ணிக்கையைப் பதிவில் எழுதுவதே இல்லை. அது எடையைப் பார்த்து நேரில் சொல்ல வேண்டியது.

7) எழுத முடியாத நாள்

இருக்கு. போன வருஷம் ஒரு நாள், காப்பாற்றிவிடுவோம் என்று நினைத்த ஒருத்தரைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் காலையும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டில் தேதி போட்டேன். அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி. அதை யாருக்கும் காட்டியதில்லை, காட்டவும் மாட்டேன். நாற்காலியை மட்டும் விடலை.

மனதை அழுத்துகிற விஷயத்தை எழுதுவது பற்றி 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரின் ஆய்வு வெளியானது. கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை ரொம்பப் பாதித்த அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பின்னாடி வந்த மாதங்களில் அவர்கள் சுகாதார மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. இது எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல மாட்டேன். பாரம் தாங்க முடியலைன்னா மனநல மருத்துவரைப் பாருங்க, வெட்கப்படாதீங்க. ஆனால் எழுதுகிற பழக்கம் பதிவு போட மட்டும் இல்லை. அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு இடம் இருந்தது. அதுவே பெருசு.

ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை. ரெண்டாவது நாளும் விடாமல் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் கண்டிப்பு.

எழுத ஆசைப்படுகிற நண்பர்களுக்கு ஒரு சின்ன பிரிஸ்கிரிப்ஷன்:

தினமும் 20 நிமிஷம். 14 நாள். ஒரே நேரம், ஒரே இடம். மொபைல் பக்கத்தில் இருக்கக் கூடாது. நல்லா எழுதணும்னு கட்டாயம் இல்லை, எழுதணும் அவ்வளவுதான். என்ன எழுதுறதுன்னு தெரியலையா? உங்க வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது, எத்தனை வயசில் வந்தது என்று எழுதுங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளே உதவும். இல்லைன்னா உங்க பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்க.

உங்க மொபைல் நோட்ஸ்லயும் ஏதோ ஒரு ரெண்டு வரி பல நாளாகக் காத்துக்கிட்டு இருக்கும். யாரோ ஒருத்தர் அதைத் தேடிக்கிட்டும் இருக்கலாம். நாளைக்குக் காலையில அதை எடுங்க.

கடைசியா, அன்னைக்கு அந்த அம்மாவுக்கு நான் எழுதி வெச்சிருக்க வேண்டிய பதிவின் சுருக்கம் இங்கேயும் இருக்கட்டும். நாய் கடிச்சா, உடனே குழாயைத் திறந்து ஓடுற தண்ணீர்ல சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீங்க. அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வந்துடுங்க. மூணு நாள் ஆயிடுச்சேன்னு வராம இருந்துடாதீங்க, அப்பவும் வாங்க. ஊசி எல்லாத் தவணையும் போட்டு முடிங்க.


மணி 5:30 ஆகிடுச்சு. குக்கர் வைக்கணும்.