‘டி’ டிரைவை நம்பினோர் கைவிடப்படுவார்!

‘வருமுன் காப்போம்’ என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அர்த்தம் புரிந்தது என்னவோ ஆறாவது செமஸ்டரில்தான்.

எங்கள் புராஜெக்ட் முழுக்க என் லேப்டாப்பில் இருந்தது. ரிப்போர்ட் டைப் செய்தது என் நண்பன். பெட்ரோல் பங்க் வேலை முடித்து, ராத்திரி பதினோரு மணிக்கு என் ரூமுக்கு வந்து உட்காருவான். "எல்லாம் பத்திரமா இருக்கா மச்சான்?" என்பான். "சி டிரைவ்ல ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணு. கவலையே படாதடா!" என்பேன்.

வைவாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்றது. அத்தோடு சரி. கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்டுல ரெண்டு ரூம் மாதிரி. வீடே இடிஞ்சா ரூம் எங்க இருக்கும்?"

நண்பன் திட்டவில்லை. "சரி விடு, மறுபடி ஆரம்பிப்போம்" என்றான். திட்டியிருந்தால் தேவலை! ஒரு மாதத்துக்கு முன் கைடுக்கு மெயிலில் அனுப்பிய பழைய காப்பிதான் கை கொடுத்தது. மீதிக்கு எட்டு ராத்திரி கண் விழித்தோம்.

நம்மைப் போன்ற பொடியன்களுக்கு மட்டும்தான் இப்படியா? இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் கோளாறால் அது எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் வந்து சேரவில்லை! ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. ஒரிஜினலோடு சேர்த்து 3 பிரதி. 2 வகைச் சாதனங்களில். 1 பிரதி வேறு இடத்தில். வெள்ளமோ, தீயோ, திருடனோ வந்தாலும் அந்த ஒன்று தப்பிக்கும். நான்காவதாக என் அனுபவம்: எடுத்த நகலை அடிக்கடி திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத பணம்!

வைவா அன்று நண்பன் கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பென்டிரைவும் தொங்கியது. மெயிலில் இன்னொன்று. அவன் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் மற்றொன்று. "இப்ப கேளுடா, பத்திரமா இருக்கான்னு" என்று சிரித்தான்.

ஜூனியர்களே! மலரை அப்புறம் புரட்டலாம். முதலில் போய் ஒரு காப்பி எடுங்கள்!