90 நாள்

ராஜிநாமாக் கடிதத்தை 2018 அக்டோபர் 1ஆம் தேதி கொடுத்தேன். நியமன உத்தரவின்படி 90 நாள் நோட்டீஸ். டிசம்பர் 29 வரை நான் அவர்களுடைய ஆள். அக்டோபர் 22ஆம் தேதி இரவு, சாப்பிட்டு முடித்து, வேறொருவருடைய வேலையைத் தொடங்கினேன்.

ஆபீஸ் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. அயல்நாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளைச் சென்னையில் உட்கார்ந்து செப்பனிட்டு, பக்கம் கட்டி அனுப்பும் ஸ்தாபனங்களில் ஒன்று. 14 வருஷம் அங்கே பிறருடைய ஆங்கிலத்தைத் திருத்தினேன். இரவு வேலை டில்லிப் பதிப்பாளர் ஒருவருடையது. சரித்திரப் புத்தகம், 600 பக்கம். அதற்குப் பெயர்-பொருள் அகராதி தயாரித்துத் தர வேண்டும். பக்கத்துக்கு 60 ரூபாய். ஜனவரியில் டில்லிப் புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். டிசம்பர் 29 வரை பொறுங்கள் என்று நான் சொன்னால் வேலை வேறு கைக்குப் போய்விடும். ராஜிநாமா கொடுத்துவிட்டவனுக்கு வேறு வருமானம் எதுவும் தட்டுப்படவில்லை.

நோட்டீஸ் காலம் ஒரு விசித்திரமான காலம். கடிதம் கொடுத்த மறுவாரமே முக்கியமான கட்டுரைகள் என் பக்கம் வருவது நின்றுவிட்டது. கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் காலை ஒன்பதரைக்கு விரலை வைத்து வருகையைப் பதிய வேண்டும், ஆறரைக்கு மறுபடி வைக்க வேண்டும். என் வேலை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை, என் நேரம் மட்டும் வேண்டியிருந்தது. செத்த வீட்டில் பத்தாம் நாள் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற தூரத்து உறவினன் மாதிரி இருந்தேன். என் இடத்துக்கு வரப்போகும் பெண்ணுக்கு வேலை பழக்கிக் கொடுப்பது ஒன்றுதான் மிச்சம். 23 வயது, திருவண்ணாமலைப் பக்கம். நான் பார்க்கும் கட்டுரைகளும் அவள் பெயரிலேயே பதிவாகும் என்று ஏற்பாடு.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்; குற்ற உணர்வு உள்ளவன் முதலில் செய்கிற காரியம் அதுதான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. சந்தோஷப்பட்டேன். வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை பொதுவாக அதில் சேராது என்று சுப்ரீம் கோர்ட் 1967ல் சொல்லியிருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வழக்கில் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியுமுன் போட்டி ஆலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்ச காலத்துக்கு அங்கே வேலை செய்யக் கூடாது என்று தடை விதித்தார்கள். திரும்பி வந்து பழைய ஆலையில் வேலை செய் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. உழைப்பை வாங்கவும் முடியாது, பிறருக்குக் கொடுக்கவும் விடமாட்டார்கள் என்ற அந்த நிலை எனக்கு நன்றாகவே புரிந்தது.

என் உத்தரவில் ஒரு வழி இருந்தது: முன்கூட்டி எழுத்து மூலம் அனுமதி பெறலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள், மறுத்தபின் செய்தால் அது வேறு விஷயமாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு நான் எழுதிய மதிப்புரைகளில் பாதி ஆபீஸ் நேரத்தில் எழுதியவை. ஆபீஸ் காகிதம், ஆபீஸ் கம்ப்யூட்டர், மேலாளர் டீ குடிக்கப் போன இருபது நிமிஷம். ஒரு நாள்கூட உறுத்தியதில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். எலியட் ‘க்ரைடீரியன்’ தொடங்கிய 1922ல் லாயிட்ஸ் வங்கியில் இருந்தார், 1925 வரை இருந்தார் என்பதை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நமக்கு அது ஒரு சமாதானம். காசு வராத காரியம் திருட்டாகாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. இரவு வேலையோ என் வீட்டில், என் மின்சாரத்தில், தூக்கத்தை விட்டுச் செய்தது. ஆபீஸிலிருந்து எதையும் எடுக்கவில்லை. இருந்தும் உறுத்தியது, 36,000 ரூபாய் வரப்போகிறது என்பதால். உறுத்தலின் அளவுகோல் இவ்வளவு கீழானது என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

எதையும் எடுக்கவில்லை என்று நான் சொல்வதும் சரியில்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் மேலாளர் கேட்டார்:

“அப்புறம் என்ன பண்ணப் போறீங்க சார்?”

“இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல சார். கொஞ்ச நாள் சும்மா இருக்கலாம்னு.”

அன்று ‘ந’ வரிசைப் பெயர்களை முடித்துவிட்டுப் படுக்க மணி மூன்று.

மறுநாள் பார்த்த மருத்துவக் கட்டுரையில் ஒரு அட்டவணை. மருந்தின் அளவு, மைக்ரோகிராமில். இந்த இடத்தில் ஒரு பழைய கண்ணி உண்டு. ‘ஸிம்பல்’ என்ற எழுத்துருவில் ஆங்கில எம்மைத் தட்டினால் கிரேக்க ம்யூ விழும். கோப்பு வேறொரு மென்பொருளுக்கு மாறும்போது எழுத்துரு தவறிவிட்டால் ம்யூ மறுபடி எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். ஐந்து வரிசைகளிலும் எம் இருந்தது. ஐந்தையும் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

ப்ரூஃப் பார்த்த ஆசிரியர் பிடித்துவிட்டார், அச்சாகவில்லை. ஆனால் அவர் எழுதிய கடிதம் கடுமையாக இருந்தது. பதிவு அவள் பெயரில். கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து, “நான் இன்னொரு தடவை பாத்திருக்கணும் சார்” என்றாள். அவள் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. “போற நேரத்துல அந்தப் பொண்ணைக் காப்பாத்தறீங்க” என்றார். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். தூக்கமில்லை சார், ராத்திரி வேறு வேலை செய்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். விடுவிப்புக் கடிதம் வர வேண்டியிருந்தது. சொல்லவில்லை. விளக்கக் கடிதத்தை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஆங்கிலத்தை நான் திருத்திக் கொடுத்தேன்.

டில்லிப் பணம் டிசம்பர் 28ல் வந்தது, பத்து சதவிகிதம் வரி பிடித்தது போக 32,400. அடுத்த வருஷம் வருமான வரிக் கணக்குக்காக 26 ஏஎஸ் படிவத்தை எடுத்தபோது ஆபீஸ் சம்பளமும் பதிப்பாளர் தொகையும் ஒரே தாளில், தேதியோடு இருந்தன. அந்தத் தாளை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். ராஜிநாமா கொடுத்துவிட்டாள், 90 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் ஒரு வேலை வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம்.

“பண்ணலாமா சார்?”

“எழுதிக் கேட்டுப் பாரும்மா.”

“நீங்க கேட்டீங்களா சார்?”

கேட்கவில்லை என்றேன். அந்த இரவுகளைப் பற்றிச் சொன்னேன், அட்டவணையைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்:

“உங்களுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு சார் குடுத்தாங்க?”