முகாம் கடைக்காரரின் பித்தளை வில்லை

என் நாணயப் பெட்டியைப் பார்க்க வருகிற நண்பர்கள் விக்டோரியா ராணி ரூபாயைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். ஓரத்தில் கிடக்கும் சின்னப் பித்தளை வில்லையை யாரும் கண்டுகொள்வதில்லை. அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கியது அது. அரசு முத்திரை எதுவும் கிடையாது. ஒரு கடைக்காரரின் பெயர், ஒரு ரெஜிமென்டின் எண், 25 சென்ட் சரக்குக்குச் செல்லும் என்ற வாசகம், அவ்வளவுதான்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படையின் ரெஜிமென்ட்களோடு 'சட்லர்' எனப்பட்ட தனியார் வியாபாரிகள் அனுமதி பெற்றுக் கூடவே போனார்கள். கூடாரத்தில் கடை போட்டுப் புகையிலை, பாலாடைக்கட்டி, டப்பாப் பழம், கடிதத்தாள் எல்லாம் விற்பார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அன்று மாதச் சம்பளம் 13 டாலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியது, நான்கு, ஆறு மாதம் இழுத்ததும் உண்டு. போதாக்குறைக்கு, 1862-இல் சில்லறைக்கும் பஞ்சம். போர்ப் பயத்தில் ஜனங்கள் செப்புக் காசைக்கூடப் பதுக்கிவிட்டார்கள்.

ஆகவே சட்லர்கள் தாங்களே வில்லை அடித்துக்கொண்டார்கள். சின்சினாட்டி நகரில் ஜான் ஸ்டான்டன் போன்ற அச்சு வெட்டுபவர்கள் இதைச் செய்து கொடுத்தார்கள். வரப்போகிற சம்பளத்தின் பேரில் சிப்பாய்க்கு வில்லையைக் கடனாகக் கொடுப்பார்கள், சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள். வில்லையைக் கொடுத்தவர் கடையில்தான் சரக்கு வாங்க முடியும். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் அவர் சொன்னதே விலை.

சிப்பாய்களின் முணுமுணுப்பு வாஷிங்டன் வரை எட்டியது. 1862 மார்ச்சில் சட்டம் வந்தது. எதை விற்கலாம் என்று பட்டியல் போட்டார்கள், விலையை அதிகாரிகள் நிர்ணயிக்கச் சொன்னார்கள், சம்பளத்தில் பிடிக்கும் தொகைக்கும் வரம்பு வைத்தார்கள். கடைக்காரருக்கும் கஷ்டம் இல்லாமலில்லை. கடன் வாங்கியவன் போரில் செத்தால் கணக்கு அதோடு சரி. எதிரிப்படை புகுந்தால் சரக்கும் போச்சு. 1866-இல் சட்லர் பதவியையே ஒழிக்கச் சட்டம் போட்டார்கள்.

முப்பது வருஷம் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவன் நான். சம்பளம் கைக்கு வருமுன்பே கடனுக்குப் போய்விடுகிற முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, இந்த வில்லை எனக்கு வெறும் அபூர்வப் பொருளாகத் தெரியவில்லை. ரெஜிமென்ட் எண் இருப்பதால் அது எந்தப் படையாட்கள் கையில் புழங்கியது, அவர்கள் எந்தப் போர்க்களத்துக்குப் போனார்கள் என்று தேடிப் படிக்க முடிகிறது. ரூபாய் நாணயம் இந்த அளவுக்குப் பேசுவதில்லை.

சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், மதிப்பும் போய்விடும், எழுத்தும் தேய்ந்துவிடும். ஒரு சீட்டில் விவரம் எழுதிக் கூடவே வையுங்கள். இல்லாவிட்டால் நமக்குப் பின்னால் பேரப்பிள்ளைகள் பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். நான் போன வாரம்தான் என்னுடையதற்கு எழுதி வைத்தேன்.