அக்கரைக் கடைவீதியும் இக்கரைச் சந்நிதியும்

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்னும் பழமொழி, கொள்ளிடக் கரையில் கண்கூடான உண்மை. தென்கரையில் தஞ்சை மாவட்டத்தின் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. வடகரையில் ஆற்றோர ஊர்களைத் தாண்டிவிட்டால், அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை பெரும்பாலும் மானாவாரி நிலம்தான். முந்திரி, பருத்தி, மக்காச்சோளம் என்று விளைச்சலும் மாறிவிடுகிறது. இன்று மாவட்ட எல்லையாக உள்ள இந்த ஆறு, ஒரு காலத்தில் நாட்டெல்லையாகவே விளங்கியது. தென்கரை தஞ்சை மராட்டிய மன்னர்களுக்கும், வடகரை அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களுக்கும் உரியதாக இருந்தது.

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது; அதிலிருந்து 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினாலும், வடகரை மக்களின் வழக்கம் ஒன்று மாறவில்லை. வீட்டில் கல்யாணம் என்றால், சாமான் வாங்க ஆற்றைத் தாண்டிக் கும்பகோணம் செல்ல வேண்டும் என்பதே அது.

அது வீண் ஆசையன்று. பொருள் விளையும் இடத்தில் விலை குறைவு. காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கப்படும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, எடைக்கு நிறுத்துத் தரும் பித்தளைப் பாத்திரம், கொழுந்து வெற்றிலை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அங்கே கிடைத்துவிடும்.

ஆனால் ஆற்றைத் தாண்டுவது அன்று எளிதன்று. 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய கீழணை, கிழக்கே அணைக்கரையில் இருந்தது. இடைப்பட்ட ஊரினர் அதைச் சுற்றிக்கொண்டு போவதைவிட, துறையில் ஓடம் ஏறுவதையே விரும்பினர். கோடையில் சுடுமணலில் நடந்தே கடப்பர். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் ஓடமும் நின்றுவிடும். முகூர்த்தம் நெருங்கியிருக்க, பெண்ணைப் பெற்றவர்கள் கரையில் நின்று நீரையே பார்த்திருக்க வேண்டியதுதான்.

மடியில் முடிந்த பணமோ கொஞ்சம். சாமான் பட்டியலோ நீளம். விளக்கில் பத்து ரூபாய் மிச்சப்பட்டால், ஓடக்கூலிக்கும் பேருந்துக்கும் பகலுணவுக்கும் அதில் பாதி போய்விடும். எனவே கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசுவர். பொழுது சாய்வதற்குள் துறைக்குத் திரும்ப வேண்டும் என்னும் பதற்றமும் கூடவே இருக்கும். அந்த அவசரத்தில் விடுபட்டுப் போனது கோயில் தரிசனம்! கும்பேசுவரர் சந்நிதித் தெருவிலேயே பாத்திரம் வாங்கிவிட்டு, கோபுரத்தை நோக்கி ஒரு கும்பிடு மட்டும் போட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். மிச்சம் பிடித்த கணக்கில் இந்த இழப்பு எழுதப்படுவதே இல்லை.

இவ்வாறு மறந்து போகும் அடியவரை இறைவன் விட்டுவிடுவதில்லை என்பதற்குச் சான்று, கொள்ளிடத்தின் வடகரையிலேயே இருக்கிறது. அதுதான் மூவர் பாடல் பெற்ற திருமழபாடி. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவில், ஈசன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தனையோ என்று வினவினாராம். விழித்தெழுந்த சுந்தரர் ஆற்றைக் கடந்து வடகரை ஏறி, வைத்தியநாதப் பெருமானைப் பாடிப் பரவினார்.

அதுமட்டுமன்று. ஆண்டுதோறும் பங்குனிப் புனர்பூசத்தில் இறைவனே ஆற்றைக் கடந்து இக்கரைக்கு எழுந்தருளுகிறார். நந்தியம்பெருமானுக்கும் வியாக்கிரபாத முனிவரின் திருமகள் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடைபெறுவது திருமழபாடியில்தான். மாப்பிள்ளை வீட்டாராகத் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பல்லக்கில் வருகின்றனர். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது இவ்வட்டாரத்தாரின் நம்பிக்கை. கல்யாணச் சாமானுக்காக நாம் அக்கரை போகிறோம். கல்யாணத்தையே நடத்தி வைக்க அக்கரைப் பெருமான் இக்கரைக்கு வருகிறார்!

இன்று திருமானூர் அருகிலும் மதனத்தூர்–நீலத்தநல்லூர் இடையிலும் பாலங்கள் உள்ளன. ஓடத்துக்காகக் காத்திருக்கும் கவலை இல்லை. பெரியவர்கள் பயணத்தைச் சற்று மாற்றி வகுத்தால் போதும். காலையில் திருமழபாடி தரிசனம். பின்னர் ஆற்றைக் கடந்து திருவையாறு. நண்பகலில் கோயில்களில் நடை சாத்தியிருக்கும் நேரமே கடைவீதிக்கு உரிய நேரம். மாலையில் நடை திறந்ததும் கும்பேசுவரர் சந்நிதி.

புதிதாக வாங்கிய குத்துவிளக்கை அந்தச் சந்நிதியில் ஒரு கணம் வைத்து வணங்கிவிட்டு வீடு திரும்பலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. மணமகள் புகுந்த வீட்டில் அந்த விளக்கை ஏற்றும் நாளெல்லாம், அதன் விலை நினைவில் நிற்காது, சந்நிதி நிற்கும்.